தட்டாம்பூச்சி எடுக்க வரும் தங்கச்சிக்கு

மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா என்று போனில் கேட்டாயே, இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசு உன் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு ஆகும். கையில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் கேமராவும் அதோடு வந்த 55-250 ஜூமும் போதும். பொங்கல் லீவுக்கு வரும்போது அதை எடுத்துக்கொண்டு வா, பனமலை ஏரிக்கு நான் கூட்டிப்போகிறேன். சொல்ல வேண்டியதை முன்னாலேயே எழுதி அனுப்பிவிடுகிறேன். கரையில் நின்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தால் வெயில் ஏறிவிடும், தட்டானும் பறந்துவிடும்.

லென்ஸ் ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பூச்சி எந்த அளவோ அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரில் விழுந்தால் அதுதான் ஒன்றுக்கு ஒன்று. மேக்ரோ லென்ஸுக்குக் காசு கொடுப்பது அதற்காகத்தான். ஆனால் நம்ம ஊர்த் தட்டான் நாலு, நாலரை சென்டிமீட்டர் நீளம். உன் கேமராவின் சென்சார் அகலமோ இரண்டேகால் சென்டிமீட்டர்கூட இல்லை. ஒன்றுக்கு ஒன்றில் எடுத்தால் பாதித் தட்டான்தான் ஃப்ரேமுக்குள் வரும். ஜூமை 250 வரை இழுத்து, ஃபோகஸ் பிடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் நின்றுகொள். முழுத் தட்டானும் ஃப்ரேமில் பாதிக்கு மேல் நிற்கும். பூச்சிக்கும் உனக்கும் நடுவில் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் இடைவெளியும் இருக்கும், அது மிரளாது.

கண்ணின் அறுகோணக் கட்டங்கள் தெரிய வேண்டும், எறும்பின் முகம் வேண்டும் என்று ஆசை வரும், வரட்டும். அப்போது ரேநாக்ஸ் டிசிஆர்-150 என்ற சின்னக் கண்ணாடியை வாங்கு. ஜூமின் முன்னால் கிளிப் போல மாட்டுவது, 4.8 டையாப்டர். அதை மாட்டினால் லென்ஸ் முனையிலிருந்து சுமார் இருபது சென்டிமீட்டரில் ஃபோகஸ் ஆகும். 250 வைத்த ஜூமில் ஒன்றுக்கு ஒன்றையே தாண்டிவிடும். இதன் அண்ணன் டிசிஆர்-250க்குச் சக்தி அதிகம், ஆனால் இன்னும் கிட்டே போக வேண்டும், தட்டானுக்கு ஒத்துவராது. எக்ஸ்டென்ஷன் டியூபும் மலிவுதான். அதை 50 மில்லிமீட்டர் லென்ஸில் போட்டால் பூச்சியின் மூக்கில் இடிக்கிற தூரத்தில் நிற்க வேண்டியிருக்கும். எருக்கஞ்செடிப் புழுவுக்கு அது சரி.

போனில்தான் எடுப்பேன் என்றால் மேக்ரோ மோடைத் தட்டானுக்குப் போடாதே. பெரும்பாலான போன்களில் அது அகலக் கோண லென்ஸில் வேலை செய்வது, நாலைந்து சென்டிமீட்டர் கிட்டே போகச் சொல்லும். டெலிஃபோட்டோ இருந்தால் அதில் எடு. லென்ஸைத் துடைத்துக்கொள், திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டு. அவ்வளவுதான்.

இனி இடம். பனமலை செஞ்சிக்குத் தெற்கே இருக்கிறது. குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில், காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. கீழே ஏரி. துரிஞ்சலாற்றிலிருந்து நந்தன் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து சேர வேண்டிய ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்த வருஷமாக இருந்தால் பொங்கல் சமயம் கரையோரம் கோரையும் நாணலும் நிற்கும். தண்ணீர், பாறை, வயல், முள்காடு நாலும் நடக்கிற தூரத்தில். பூச்சி எடுக்க இதைவிட என்ன வேண்டும்?

எந்த இடத்தில் எது உட்காரும் என்று தெரிந்துகொள், பாதி வேலை முடிந்துவிடும். கோரையின் நுனியில் ரத்தச் சிவப்பாக உட்கார்ந்திருப்பது ஸ்கார்லெட் ஸ்கிம்மரின் ஆண். பெண் மஞ்சளும் பழுப்புமாக, தண்ணீரை விட்டுத் தள்ளிப் புல்லில் இருக்கும். ஓரத்தில், கொஞ்சம் அழுக்குத் தண்ணீரே ஆனாலும், ஆரஞ்சு நிறச் சிறகோடு திரிவது டிச் ஜுவல். பயமே இல்லாத ஜென்மம், கைப்பழக்கத்துக்கு அதில் ஆரம்பி. வரப்பிலும் காய்ந்த மிளார் மேலும் பச்சையும் கறுப்புமாக அசையாமல் இருப்பது கிரீன் மார்ஷ் ஹாக். மற்றத் தட்டான்களையே பிடித்துத் தின்னும் ரவுடி அது. தின்னும்போது நீ எவ்வளவு கிட்டே போனாலும் கண்டுகொள்ளாது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டாம்பூச்சி போல மிதந்து போவது பிக்சர்விங். செடி நுனியில் காற்றோடு ஆடிக்கொண்டே இருப்பதால் முதல் நாள் அதன் பக்கம் போகாதே.

ஊசித்தட்டானைத் தனியாகச் சொல்ல வேண்டும். உட்காரும்போது பெரும்பாலும் சிறகை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும் மெல்லிய ஜாதி. புல்லுக்குள் தாழ இருப்பதால் நீயும் தரையோடு படுக்க வேண்டும். மஞ்சளாக ஒன்று இருக்கும், பெயர் கோரமண்டல் மார்ஷ் டார்ட். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியுஸ் என்பவர் 1798ல் நம் சோழமண்டலக் கரையின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் வைத்துவிட்டார். நம்ம ஊர்ப் பூச்சி என்று உரிமையோடு படம் எடுக்கலாம்.

ஆனால் பனமலைக்கும் செஞ்சிக்கும் வந்துவிட்டு ஏரியை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் எனக்குக் கோபம் வரும். இங்கே எடுக்க வேண்டியது பாறைத் தட்டானை. புத்தகத்தில் கிரானைட் கோஸ்ட் என்று இருக்கும். கருங்கல்லில் சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பொரிபொரியாக இருக்குமே, அதே நிறம், அதே புள்ளி. செங்குத்தான பாறையிலோ கோட்டைச் சுவரிலோ சிறகு நான்கையும் விரித்துக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு முழம் தள்ளி நின்றாலும் தெரியாது, பறந்தால்தான் தெரியும். பறந்து போய் எங்கே ஒட்டுகிறது என்று கண்ணை எடுக்காமல் பார். சிறகு நுனியருகே சின்னப் புள்ளி இருக்கும், நடுவில் கறுப்பு, இரண்டு பக்கமும் வெள்ளை. கல்லில் அந்தப் புள்ளிகளைத் தேடு, அப்புறம் உடம்பு தானாகத் தெரியும். பாறைச் சுனையிலும் சிமென்ட் தொட்டியிலும்கூட முட்டையிட்டு வளர்வதால் ஏரி வற்றின கோடையிலும் இது கிடைக்கும். செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரகுளம் பக்கத்துச் சுவர்களைப் பார்.

இதை எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மற்றத் தட்டானை எடுக்கும்போது கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கும், வால் விழுந்தால் சிறகு போகும். ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 11 வைத்தாலும் கூர்மை விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், பாதி அளவில் எடுத்தால் இரண்டரை மில்லிமீட்டர். பாறைத் தட்டானோ தானே தட்டையாகக் கல்லில் ஒட்டிக் கிடக்கிறது. கேமராவின் முதுகைப் பாறைக்கு நேர் இணையாகப் பிடித்தால் தலை முதல் வால் வரை, நான்கு சிறகும் சேர்த்து ஒரே தளத்தில் கூர்மையாக விழும். ஆனால் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் கல்லும் பூச்சியும் ஒன்றாகிவிடும். காலை வெயில் பாறையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும் நேரத்துக்குப் போ. சிறகின் நிழல் கல்லில் ஒரு மயிரிழை தள்ளி விழும், அந்த நிழல்தான் பூச்சியைக் கல்லிலிருந்து பிரித்துக் காட்டும். கிழக்குப் பார்த்த சுவரில் சூரியன் நேரே அடிக்கும், அதனால் தெற்குப் பார்த்த சுவரைத் தேர்ந்தெடு.

மற்றத் தட்டான்களுக்கும் இதே விதிதான். கேமராவின் முதுகு பூச்சியின் உடம்புக்கு இணையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் பக்கத்துக்கு இணை, மேலிருந்து எடுத்தால் சிறகுக்கு இணை. இது கைவந்துவிட்டால் எஃப் 8 போதும். எஃப் 22க்கு ஓடாதே. துவாரம் ரொம்பச் சிறுத்தால் ஒளி சிதறி முழுப் படமும் சோகை பிடித்தாற்போல ஆகிவிடும். நேரெதிரே நின்று முகத்தை எடுப்பதானால் கண் மட்டும் கூர்மையாக இருந்தால் போதும், மிச்சம் மங்கட்டும். கண் மங்கினால் படத்தை அழித்துவிடு, யோசிக்காதே.

நேரம். தை மாதக் காலையில் ஆறேகாலுக்கு ஏரிக்கரையில் இருக்க வேண்டும். கத்தாதே, நானே எழுப்புகிறேன். தட்டானுக்குச் சூடான ரத்தமில்லை. சிறகை அடிக்கும் தசை வெயிலில் காய்ந்தால்தான் பறக்க முடியும். அதுவரை பனித்துளியோடு கோரையில் தொங்கிக்கொண்டிருக்கும். ட்ரைபாடு வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்குகிறார்களே, அந்த வித்தையெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில்தான் செல்லும். சிறகு நடுங்க ஆரம்பித்தால் இன்ஜினைச் சூடாக்குகிறது என்று அர்த்தம், இனி நேரமில்லை. எட்டரை, ஒன்பதுக்கு மேல் ஆண் தட்டான்கள் எல்லைச் சண்டைக்குக் கிளம்பிவிடும். நடு மத்தியானம் வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்பதைப் பார்ப்பாய். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்க அது செய்யும் யோகாசனம். படத்துக்கு அழகுதான், ஆனால் நிழல் கறுப்பாக விழும்.

துரத்தாதே என்பதைத்தான் ஆயிரம் தடவை சொல்வேன். சிவப்புத் தட்டான் குச்சியை விட்டுப் பறந்ததும் நீயும் பின்னால் ஓடினால் இரண்டு பேருக்கும் மூச்சிரைக்கும், படம் கிடைக்காது. அது கொசுவையோ எதிரியையோ துரத்திவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும். அதனால் குச்சியைப் பார்த்து உட்கார். அது பறக்கும் நேரத்தில் நீ ஒரு எட்டு முன்னால் வை. உட்கார்ந்ததும் அசையாதே. மறுபடி பறந்தால் மறுபடி ஒரு எட்டு. தட்டானின் இரண்டு கண்ணும் தலையைச் சுற்றி வளைந்தவை. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான குட்டிக் கண்கள், பெரிய ஜாதிகளில் முப்பதாயிரம் வரைக்கும். எல்லாப் பக்கமும் பார்க்கும், தலைக்கு நேர் பின்னால்தான் கொஞ்சம் மறைவு. பக்கவாட்டில் அசைந்தால் உடனே தெரிந்துவிடும், நேராக மெதுவாகப் போனால் கண்டுகொள்ளாது. உன் நிழல் அதன்மேல் விழவே கூடாது. தலையைச் சட்டென்று சாய்த்தால் இரையைப் பார்த்துவிட்டது, அடுத்த நொடி பறக்கும். பறப்பதை எடுக்க நினைத்தால் அந்தச் சாய்வில் விரலை அழுத்து.

செட்டிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஷட்டர் 250ல் ஒரு பங்குக்குக் குறையாமல். கோரை ஆடினால் 500, 800. ஆட்டோ ஃபோகஸ் புல்லைப் பிடித்துக்கொண்டு அடம் பிடித்தால் மேனுவலுக்கு மாறி, உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்துக் கண்ணில் கூர்மை விழும்போது மூன்று நாலு படம் சேர்ந்தாற்போல் அடி. சிவப்புத் தட்டானுக்கு மட்டும் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள். இல்லையென்றால் சிவப்பு எல்லாம் ஒரே குழம்பாகி, வயிற்றுக் கட்டங்கள் தெரியாமல் போகும்.

பின்னணி மங்கலாக இருக்க வேண்டுமென்று எஃப்பைக் குறைப்பார்கள். அதைவிட உன் உயரத்தைக் குறை. நின்றுகொண்டு எடுத்தால் பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் மண். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னால் நூறு மீட்டருக்குத் தண்ணீர்தான். இதற்காக ஒரு உரச்சாக்கு எடுத்துவை, படுக்கலாம். குடை ஒன்று, காற்றை மறிக்க. துணி கிளிப் ஒன்றைக் குச்சியில் கட்டி நட்டுக்கொண்டால் ஆடும் செடியின் தண்டைப் பிடித்து நிறுத்தலாம். பூச்சி உட்கார்ந்த பிறகு கிளிப்பைக் கொண்டுபோகாதே, முன்னாலேயே மாட்டி வை.

ஃபிளாஷ் பொன்வண்டுக்கும் எறும்புக்கும்தான் அதிகம் உதவும். நேரே அடித்தால் பொன்வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழும். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியோ டிரேசிங் தாளோ ஃபிளாஷுக்கு முன்னால் வைத்து, அதைப் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவா. வெளிச்சம் பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால்தான் மென்மையாக விழும். ஆனால் மேலே கோயிலுக்குப் போகும்போது ஃபிளாஷைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடு. அங்கே சுவரில் பல்லவர் காலத்து ஓவியம் மிஞ்சியிருக்கிறது. குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவி. ஆயிரத்து முந்நூறு வருஷம் தப்பிப் பிழைத்த வண்ணத்தின்மேல் நீ வெளிச்சம் அடிக்க வேண்டாம். கோயிலும் செஞ்சிக் கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. ட்ரைபாடு வைக்க முன் அனுமதி வேண்டும், அதனால் ட்ரைபாடு வேலையை ஏரிக்கரையோடு முடித்துக்கொள். செஞ்சி 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருக்கிறது, மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மாட்டாமல் வார நாளில் போவோம்.

தட்டான் கிடைக்காத நாளும் உண்டு. அன்றைக்கு ஒரு எருக்கஞ்செடியின் முன்னால் சாக்கை விரி. மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்ன வரும் வண்டு, கறுப்பு மஞ்சள் வெள்ளைக் கோடு போட்ட பட்டாம்பூச்சிப் புழு, நீலமும் மஞ்சளுமாகச் சர்க்கஸ் கோமாளி போன்ற எருக்கு வெட்டுக்கிளி, பூவுக்கு வரும் பெரிய கருவண்டு, எல்லாம் ஒரே செடியில். இலையை ஒடிக்காதே. எருக்கம்பால் கையில் பட்டு, அதே கையோடு கண்ணைத் தேய்த்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்கிறவர்களுக்கு இது முக்கியம். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அசையாத ஒன்று வேண்டுமென்றால் கோரைத் தண்டில் தட்டான் கழற்றிவிட்ட சட்டையைத் தேடு. தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளரும் குஞ்சு, ராத்திரியில் தண்டில் ஏறி முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வெற்றுத் தோல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும், கண், கால், முதுகுப் பிளவு எல்லாம் அச்சாக. ஃபோகஸ் அடுக்கும் வித்தையை இதில் பழகு, மணிக்கணக்கில் பொறுமையாக இருக்கும் மாடல். அதன் பக்கத்திலேயே வெளிறின நிறத்தில், பளபளவென்று ஈரச் சிறகோடு புதுத் தட்டான் தொங்கினால் மட்டும் இரண்டடி பின்னால் போ. அந்தச் சிறகு இன்னும் காயவில்லை. மிரண்டு விழுந்தால் கோணலாகவே காய்ந்துவிடும், பிறகு பறக்காது.

பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. ஸ்பிரே பாட்டிலால் பனித்துளி உண்டாக்குகிறவர்களும். இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. சின்ன வயதில் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்த கூட்டம்தான் நாம், அந்தக் கடன் போதும்.

எடுத்த பூச்சிக்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒரு அழகான படம் போதாது. பக்கவாட்டில் நெஞ்சின் கோடுகள், மேலிருந்து சிறகுப் புள்ளி, வால் நுனியின் கொக்கி, மூன்றும் தனித்தனியாக வேண்டும். கே.ஏ.சுப்பிரமணியன் 2005ல் எழுதிய தென்னிந்தியத் தீபகற்பத் தட்டான்கள் வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இறக்கி வை. ஃப்ரேசர் என்ற வெள்ளைக்காரர் 1933 முதல் 1936 வரை மூன்று பாகமாக எழுதினது பெரிய ஆள்களுக்கானது, பிறகு பார்க்கலாம். ஐநேச்சுரலிஸ்டில் தேதியும் இடமும் போட்டு ஏற்று. பனமலை என்று குறித்தால் அடுத்து இங்கே வருகிறவருக்கு உதவும்.

ஐப்பசியிலும் ஒரு முறை வா. மழைக்கு முன்னால் வானம் நிறைய மஞ்சள் தட்டான் சுற்றுமே, தட்டான் தாழப் பறந்தால் மழை என்று ஆயா சொல்லுமே, அதில் பெரும்பங்கு வாண்டரிங் கிளைடர். மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் 2009ல் எழுதினார்: இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடலைத் தாண்டுகின்றன. தலைமுறை தலைமுறையாகப் போய்த் திரும்பும் சுற்று பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பகலில் உட்காரவே உட்காராது. பொழுது சாய்ந்த பிறகு முள்செடியின் கிளையில் செங்குத்தாகத் தொங்கும். எந்தச் செடி என்று சாயங்காலமே பார்த்து வைத்துக்கொண்டு, விடியும் முன் அங்கே போய் நிற்க வேண்டும்.

கிளம்பும்போது சென்ட் போடாதே. பாறை இடுக்கிலும் கோபுரத்திலும் மலைத்தேனீ கூடு இருக்கும், வாசனை அதற்கு ஆகாது. முழுக்கை, முழு பேன்ட், கணுக்கால் மூடின ஷூ. கோரைக்குள் காலை வைக்கும் முன் குச்சியால் தட்டு, தண்ணீர்ப் பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் அங்கே வேலை உண்டு. தனியாக ஏரிக்கரைக்குப் போவது வேண்டாம், நான் வராத நாளில் உன் மாமா வருவார். அவரிடம் கேமராப் பையைக் கொடுத்துவிட்டு, பேசாமல் இருக்கச் சொல். அது மட்டும் கஷ்டம். சேற்றுப் பேன்ட்டை அம்மா தலையில் கட்டாமல் இங்கேயே பின்கட்டுத் தொட்டியில் அலசிப் போட்டுவிட்டு பஸ் ஏறு. தொட்டிச் சுவரில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்று.